கொல்லைமேட்டுக்கும் பங்கு கேளுங்கள்: பழைய வட ஆற்காட்டின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்



திருவண்ணாமலை, வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இன்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் பழைய வட ஆற்காட்டின் தொகுதிகளிலிருந்து கோட்டைக்குச் சென்றிருக்கிறீர்கள். நீங்கள் எந்தக் கட்சியானாலும் இந்த மடல் உங்கள் எல்லோருக்கும்தான். 2021 முதல் நம் பேரவையில் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை வாசிக்கப்படுகிறது. அதன் மீதான விவாதத்தில் எழுந்து பேச உங்களுக்குச் சில நிமிடங்கள் கிடைக்கின்றன. அந்த நிமிடங்களில் இந்த மண்ணுக்காகக் கேட்கவேண்டியது இன்னும் கேட்கப்படவில்லை என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

நீங்கள் வாக்குக் கேட்டு நடந்த ஊர்களை உலகம் ஒரு காலத்தில் பாடமாகப் படித்தது. உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 1973-74இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்த மாவட்டத்துக் கிராமங்களுக்கு வந்து, புதிய நெல் ரகங்களால் யாருக்கு லாபம் என்று வீடுவீடாகக் கணக்கெடுத்தார்கள். அவர்களுக்குப் பெரிய நம்பிக்கை பிறக்கவில்லை. கிணறும் மோட்டாரும் வைத்திருந்த பெரிய குடும்பங்களே முந்திக்கொள்கின்றன, சிறியவர்கள் பின்தங்கிவிடுவார்கள் என்ற ஐயம் அவர்கள் எழுத்தில் தெரிந்தது. பத்தாண்டு கழித்து பீட்டர் ஹேசலும், பின்னாளில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான சி. இராமசாமியும் அதே ஊர்களுக்குத் திரும்பி வந்தார்கள். 1991இல் 'தி கிரீன் ரெவல்யூஷன் ரீகன்சிடர்டு' என்ற புத்தகமாக வெளிவந்தது அவர்கள் கண்டது. சிறு விவசாயிகளும் புதிய ரகங்களுக்கு மாறியிருந்தார்கள். நிலமில்லாத கூலிக் குடும்பங்களின் வருமானமும் உயர்ந்திருந்தது.

அந்த ஆய்வில் இன்றும் உலகமெங்கும் எடுத்துக்காட்டப்படும் கணக்கு ஒன்று இருக்கிறது. வட ஆற்காட்டில் விவசாய வருமானம் ஒரு ரூபாய் கூடியபோது, விவசாயம் அல்லாத தொழில்களில் மேலும் 87 பைசா வருமானம் பிறந்தது. அந்த 87 பைசா எங்கெல்லாம் போயிருக்கும் என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். களம்பூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவரின் கூலி அது. மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொடுத்த கடைக்காரருக்கும் அதில் பங்குண்டு. தீபாவளிக்குத் துணி தைத்த தையல்காரர், ஆரணி சந்தையில் பாத்திரம் விற்றவர், மச்சு வீடு கட்ட வந்த கொத்தனார், பெரியாள், சித்தாள் என்று அது கை மாறிப் போயிற்று. கழனியில் விளைந்த பணம் நகரத்து வங்கிக்குப் போய் உறங்கவில்லை, சுற்றுவட்டாரத்திலேயே சுழன்றது. பெரிய முதலாளியின் கையில் ஒரு ரூபாய் கூடினால் அது சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் செலவாகப் போகும். சிறு விவசாயியின் கையில் கூடிய ரூபாய் பக்கத்துக் கடைத்தெருவைத் தாண்டிப் போவதில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் நடந்த அதிசயமுமல்ல. உலக வங்கி தன் 2008ஆம் ஆண்டு உலக வளர்ச்சி அறிக்கையை முழுக்க முழுக்க வேளாண்மைக்கே ஒதுக்கியது. பல நாட்டுக் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்து, வேளாண்மையில் வரும் வளர்ச்சி மற்றத் துறைகளில் வரும் வளர்ச்சியைவிட வறுமையைக் குறைப்பதில் குறைந்தது இரண்டு மடங்கு வலுவுள்ளது என்று அதில் எழுதியது. வியட்நாமைப் பாருங்கள். கூட்டுப்பண்ணைகளில் இருந்த நிலத்தை 1988இல் குடும்பங்களின் பொறுப்பில் விட்டார்கள். அதுவரை அரிசியை இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடு அடுத்த ஆண்டே ஏற்றுமதிக்கு வந்தது. 1993இல் அங்கே நூற்றுக்கு 58 பேர் வறுமையில் இருந்தார்கள். 1998இல் அது 37 ஆனது. அரிசி மட்டுமே இதைச் செய்துவிடவில்லை, காப்பியும் மீனும் தொழிற்சாலையும் சேர்ந்துகொண்டன. ஆனால் முதல் படி வயலில்தான் வைக்கப்பட்டது.

ஏன் இப்படி என்று கேட்டால் பதில் எளிது. ஏழை விற்பது தன் உழைப்பை. அவன் வாங்குவது பெரும்பாலும் சாப்பாட்டை. விளைச்சல் கூடினால் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் ஆள் தேடுகிறார்கள், கூலி நாட்கள் கூடுகின்றன. தானியம் பெருகினால் விலை கட்டுக்குள் நிற்கிறது. இரண்டு பக்கமும் அவனுக்கு நன்மை. வேறெந்தத் துறை வளர்ந்தாலும் அந்த நன்மை கூலிக்காரர் வீட்டை எட்டுவதற்குள் பல கைகளைக் கடந்தாக வேண்டும்.

உங்களில் சிலர் இந்த இடத்தில் குறுக்கிடுவீர்கள் என்று தெரியும். "தமிழ்நாட்டில் வறுமையே இல்லையே! நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் நம் மாநிலத்தின் அளவு 2.2 விழுக்காடுதானே?" உண்மைதான். பள்ளியும் சத்துணவும் ரேஷனும் ஆரம்ப சுகாதார நிலையமும் சேர்ந்து சாதித்தது அது. அதில் நமக்கெல்லாம் பெருமை உண்டு. ஆனால் அந்தக் குறியீடு பள்ளி, கழிப்பறை, மின்சாரம், வங்கிக் கணக்கு போன்றவற்றைப் பார்க்கிறது. கையில் வரும் காசையும் கழுத்தை இறுக்கும் கடனையும் அது பார்ப்பதில்லை. 2019இல் நடுவண் அரசு எடுத்த விவசாயக் குடும்பங்களின் கணக்கெடுப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாடு முழுவதற்குமான சராசரியில் ஒரு விவசாயக் குடும்பத்தின் மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து கிடைப்பது 3,798; கூலியிலிருந்து கிடைப்பது 4,063. கணக்கில் விவசாயி என்று எழுதப்பட்டவர் விளைச்சலைவிடக் கூலியை நம்பிப் பிழைக்கிறார். தமிழ்நாட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரிக் கடன் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். ஒரு போர்வெல் பொய்த்தால், ஒரு அறுவை சிகிச்சை வந்தால், மகளின் நகை அடகுக் கடைக்குப் போய்விடும் நிலையில் இருப்பவர்களை வறுமையிலிருந்து மீண்டவர்கள் என்று சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக இருக்க முடியாது.

முதல் ஏற்றத்தைத் தந்த வழி இன்று அடைபட்டுக் கிடக்கிறது என்பதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பசுமைப் புரட்சி கிணற்றுத் தண்ணீரில் நடந்தது. மாடு கட்டிக் கவலை ஓட்டிய கிணறுகளில் முதலில் ஆயில் எஞ்சின் வந்தது, பிறகு மின் மோட்டார், பிறகு விலையில்லா மின்சாரம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகமும் நெல் நட்டார்கள். திறந்த கிணறு வற்றியதும் உள்ளே சைடு போர் போட்டார்கள். அதுவும் வற்றியதும் பல நூறு அடிக்குப் போர்வெல். ஒரு ஊரில் பணமுள்ளவர் ஆழமாகப் போட்டால் பக்கத்துச் சிறு விவசாயியின் கிணறு காய்ந்துவிடும். அவர் கடன் வாங்கி அதைவிட ஆழமாகப் போட வேண்டும், அல்லது நிலத்தைக் கரம்பாகப் போட்டுவிட்டு ஓசூருக்கோ பெங்களூருக்கோ கட்டட வேலைக்குப் போக வேண்டும். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். ஜனகராஜன் போன்றோர் இந்த நிலத்தடி நீர்ப் பந்தயத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதி எச்சரித்தார்கள். இலவச மின்சாரத்தை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. இன்றைய நிலையில் அதை நிறுத்தினால் முதலில் சாவது சிறு விவசாயிதான். ஆனால் இலவச மின்சாரத்துக்குச் செலவாகும் பணம் கிணற்றுக்காரருக்கே போய்ச் சேருகிறது என்பதையும், கிணறே இல்லாத கொல்லைமேட்டுக்காரருக்கு அதில் ஒரு காசும் இல்லை என்பதையும் நீங்கள் பேரவையில் சொல்லியே ஆக வேண்டும்.

கொல்லைமேட்டைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். வந்தவாசி, போளூர், செங்கம், கலசபாக்கம், அணைக்கட்டு என்று எங்கே போனாலும் கழனிக்கு மேலே மானாவாரிக் கொல்லை கிடக்கிறது. மல்லாட்டை (வேர்க்கடலை), கேழ்வரகு, சாமை, துவரை, காராமணி விளைந்த நிலம். நிலம் இல்லாமலிருந்து எப்படியோ ஒரு ஏக்கர் வாங்கியவர்களுக்கும், அரசு ஒப்படை செய்த நிலம் பெற்றவர்களுக்கும் பெரும்பாலும் வாய்த்தது இந்த மேடுதான். காலனிக்காரர்கள் கையில் நிலம் என்று ஏதாவது இருந்தால் அது இங்கேதான் இருக்கும். ஆகவே ஏழையின் நிலத்தில் விளைச்சலைக் கூட்ட வேண்டும் என்றால் அது மானாவாரியில்தான் நடந்தாக வேண்டும்.

ஒரு மல்லாட்டைப் பயிரை அருகே நின்று பாருங்கள். ஆனி, ஆடியில் மழை விழுந்ததும் விதைக்கிறார்கள். விதைப் பருப்புக்கே கையிருப்பில் பெரும்பகுதி போய்விடும். பூத்து முடிந்து விழுது மண்ணுக்குள் இறங்கும் நேரத்தில் பத்து நாள் மழை தள்ளிப்போனால் போதும், காய் பொக்காகிவிடும். அந்த ஒரு தருணத்தில் ஒரே ஒரு தண்ணீர் கொடுக்க முடிந்தால் பயிர் பிழைக்கும். பண்ணைக்குட்டை என்று நீங்கள் திட்டங்களில் படிக்கிறீர்களே, அதன் பயன் அந்த ஒரு தண்ணீர்தான். களை எடுத்து மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டால் காய் திரண்டு வரும். இது வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் பரிந்துரை. புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்த நாளில் ஜிப்சம் கிடங்கில் இருக்க வேண்டும், இருக்கிறது என்று யாராவது வந்து சொல்ல வேண்டும். பல ஊர்களில் இரண்டும் நடப்பதில்லை. பிறகு காட்டுப்பன்றி. ஒரே இரவில் கால் ஏக்கரைக் கிளறிப் போட்டுவிடும். மலையடிவார ஊர்களில் மல்லாட்டையை விட்டவர்களிடம் காரணம் கேளுங்கள், பாதிப் பேர் பன்றியைத்தான் சொல்வார்கள்.

இதையெல்லாம் தாண்டி மூட்டை கட்டி சேத்துப்பட்டு கமிட்டிக்கு (ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு) கொண்டுபோனால் அங்கே வேறொரு சோதனை. வியாபாரி குவியலிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து உடைத்துப் பார்க்கிறார். பருப்பு எவ்வளவு தேறும், ஈரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு விலை எழுதுகிறார். அந்தச் சில நொடிகளில் நான்கு மாத உழைப்பின் விலை தீர்மானமாகிறது. அந்த விலையின் ஒரு முனை இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருக்கிறது. இந்தியா தன் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. அதில் பெரும்பங்கு பாமாயில். டெல்லி இறக்குமதி வரியைக் குறைத்தால் சேத்துப்பட்டிலும் விலை இறங்கக்கூடும். அந்த வரி உங்கள் கையில் இல்லை என்பது எனக்குப் புரிகிறது. உங்கள் கையில் இருப்பது ரேஷன் கடை. அங்கே மாதம் ஒரு லிட்டர் பாமாயிலை 25 ரூபாய்க்குக் கொடுக்கிறோம். மல்லாட்டை விளைவித்த பெண்மணி அதை விற்றுவிட்டு வரிசையில் நின்று பாமாயில் வாங்கி வருகிறார். ரேஷனில் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கொடுங்கள் என்று விவசாயச் சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. நீங்கள் ஏன் அவர்களோடு சேர்ந்து கேட்கக் கூடாது?

செலவு கூடும் என்பதை மறைக்கவில்லை. கடலை எண்ணெயைப் பாமாயில் விலைக்குக் கொடுக்க அரசு இன்னும் கூடுதலாக மானியம் தர வேண்டியிருக்கும். ஒரே நாளில் மாநிலம் முழுக்க மாற்றச் சொல்லவில்லை. சத்துணவிலும் அங்கன்வாடியிலும் தொடங்கலாம். இந்த நான்கு மாவட்டத்துப் பள்ளிகளுக்கு இந்த நான்கு மாவட்டத்து வேர்க்கடலையை, கேழ்வரகை, சாமையைக் கூட்டுறவு மூலமாக அறிவித்த விலைக்கு வாங்கட்டும். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தை அரசே தொடங்கியது. ஒடிசா 2017இல் தொடங்கிய சிறுதானிய இயக்கத்தில் பழங்குடி மக்கள் விளைவித்த கேழ்வரகை அரசு கொள்முதல் செய்து, அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு லட்டாகக் கொடுத்தது. திருவண்ணாமலைக்குப் பக்கத்திலேயே அத்தியந்தலில் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. அங்கிருந்து புதிய ரகங்கள் வருகின்றன. ரகம் இருக்கிறது, நிலம் இருக்கிறது, பசியோடு வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வாங்குகிறேன் என்று உறுதி சொல்லும் ஆள்தான் இல்லை. அந்த ஆள் அரசாகத்தான் இருக்க முடியும்.

ஏரிகளுக்கு வருகிறேன். காவேரிப்பாக்கம் ஏரியும் தூசி மாமண்டூர் ஏரியும் உங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன. அவற்றின் வரலாறு பல்லவர் காலம் வரை போகிறது. மாநிலத்தில் மொத்தம் சுமார் 40,000 ஏரிகள். 1960களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 9 லட்சம் ஹெக்டேர் ஏரிப் பாசனத்தில் விளைந்தது. இன்று அதில் பாதிகூட இல்லை. குடிமராமத்து என்ற பெயரில் 2017 முதல் வேலை நடந்தது. கரையை உயர்த்தினார்கள், மதகுக்குப் புது ஷட்டர் போட்டார்கள், சீமைக் கருவேலத்தை வெட்டினார்கள். பல ஊர்களில் வேலை நன்றாகவே நடந்தது. ஆனால் வரத்துக் கால்வாய்? மேல் ஏரியின் கலங்கல் வழிந்து கீழ் ஏரிக்குத் தண்ணீர் வர வேண்டிய கால்வாயில் எங்கோ ஓரிடத்தில் ஒருவர் வேலி போட்டிருக்கிறார், ஓரிடத்தில் மனைப்பிரிவுக்குச் சாலை போட்டிருக்கிறார்கள், ஓரிடத்தில் ஊராட்சியே குப்பை கொட்டுகிறது. கரையைப் பலப்படுத்துவதில் யாருக்கும் கோபம் வராது; கால்வாயை மீட்டால் கோபம் வரும், ஓட்டும் போகும். அதனால்தான் கரை மட்டும் உயர்கிறது. ஏரி நிரம்பினால் அதைச் சுற்றியுள்ள கிணறுகளும் ஊறும், கொல்லைமேட்டுக் குட்டையிலும் ஈரம் நிற்கும். கிணற்றுப் பந்தயத்துக்கு முடிவு கட்ட இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. ஆக்கிரமிப்பு அகற்றும் அதிகாரிக்கு உங்கள் தொலைபேசி அழைப்பு போகாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இதைக் கடுமையாகச் சொல்வதற்கு வருந்தவில்லை.

விவசாயியிடம் நேரில் போய்ப் பேசும் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1981இல் உலக வங்கி உதவியோடு பயிற்சியும் பார்வையும் என்ற முறையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தபோது, இன்ன நாளில் இன்ன ஊருக்கு அலுவலர் வருவார் என்று நாள் குறித்திருந்தார்கள். அந்த முறையில் குறைகள் இருந்தன; மேலிருந்து கீழே ஆணை பிறப்பிக்கும் முறை அது. ஆனால் ஆள் வந்தார். இன்று ஓர் உதவி வேளாண்மை அலுவலரின் பொறுப்பில் பல வருவாய்க் கிராமங்கள். அவருடைய பகல் முழுக்க மானியப் பட்டியல் பதிவேற்றுவதிலும், காப்பீட்டுக்குப் படம் எடுப்பதிலும், உழவன் செயலியில் இலக்கை நிரப்புவதிலும் போய்விடுகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எத்தியோப்பியா நம்மைவிட எவ்வளவோ ஏழை நாடு. அங்கே ஒவ்வொரு கெபெலேவுக்கும், அதாவது நம் ஊராட்சி போன்ற அடிமட்ட நிர்வாகப் பகுதிக்கும், பயிருக்கு ஒருவர், கால்நடைக்கு ஒருவர், மண்ணுக்கும் நீருக்கும் ஒருவர் என்று மூன்று பணியாளர்களைப் பயிற்சி கொடுத்து அமர்த்தினார்கள். 2000இல் அங்கே நூற்றுக்கு 44 பேர் வறுமையில் இருந்தார்கள். 2011இல் 30 பேர். அந்தக் குறைவுக்கு வேளாண் வளர்ச்சியே முக்கியக் காரணம் என்று உலக வங்கியின் ஆய்வு சொன்னது. பிறகு போரும் வறட்சியும் அந்த நாட்டைப் படாதபாடு படுத்தின. அது வேறு கதை. எத்தியோப்பியாவால் ஊராட்சிக்கு மூவரை அமர்த்த முடிந்ததென்றால் நம்மால் ஒருவரைக்கூட முடியாதா? ஆண்டுதோறும் வேளாண்மைப் பட்டதாரிகள் நூற்றுக்கணக்கில் வெளியே வந்து வங்கித் தேர்வுக்கும் குரூப் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருக்கிறார்களே!

நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே விவசாயி என்று அரசு நினைக்கிறது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் திட்டம் பட்டாக்காரருக்குப் போகிறது. வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுபவருக்கு அதில் எதுவும் இல்லை. நிலத்துக்காரர் சென்னையில் வேலையில் இருப்பார், இங்கே ஒருவர் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுவார். பயிர் போனால் நிவாரணமும் காப்பீடும் கேட்க, சிட்டா இவர் பெயரில் இல்லை. அடங்கலில் பெயர் ஏற்றச் சொன்னால் அடுத்த ஆண்டு நிலம் போய்விடும் என்ற பயம். குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969 முதல் நம்மிடம் இருக்கிறது, காகிதத்தில். பக்கத்திலிருக்கும் ஆந்திரம் 2011இலும் 2019இலும் சட்டம் செய்து, நிலத்தின் உரிமைக்குப் பங்கம் வராமலே உழுபவருக்கு அட்டை தர முயன்றது. அங்கேயும் குறைகள் உண்டு. ஆனாலும் சித்தூர்ப் பக்கம் உழுபவரின் பெயர் அரசின் பதிவேட்டில் ஏற ஒரு வழி இருக்கிறது. எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அவர் கணக்கிலேயே இல்லை. பெண்களின் நிலையும் இதுதான். விதைக்கிறார், களை எடுக்கிறார், மல்லாட்டை ஆய்கிறார், மாட்டுக்குத் தீவனம் அறுத்துப் பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறார். பட்டா கணவர் பெயரில் அல்லது இறந்துபோன மாமனார் பெயரில். கணவர் கட்டட வேலைக்கு வெளியூர் போய்விட்ட வீடுகளில் முழு விவசாயமும் இவர் கையில்தான். பட்டா கேட்கும் எந்தத் திட்டத்திலும் அவருக்குக் கையெழுத்துப் போட இடமில்லை.

தொழிற்சாலைகளை எதிர்த்து இந்த மடலை எழுதவில்லை. செய்யாறு சிப்காட்டுக்கு விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போகும் பெண்கள் கொண்டுவரும் சம்பளம் பல வீடுகளின் அடுப்பை எரிய வைத்திருக்கிறது. அந்த வேலைகள் இன்னும் வர வேண்டும். ஆனால் அந்தச் சிப்காட்டின் விரிவாக்கத்துக்காக மேல்மா பக்கத்தில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கப் போனபோது என்ன நடந்தது? 2023இல் மாதக்கணக்கில் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகே அவர்களில் ஆறு பேர் மீது அது திரும்பப் பெறப்பட்டது. நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்தவர்களைக் குண்டர்கள் என்று எழுதிய காகிதம் நம் மாவட்டத்தின் கோப்பில் இருக்கிறது. அதற்கு இதுவரை யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. உழவா, ஆலையா என்று மக்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தவறு. களம்பூர் ஆலைகள் எழுந்ததும் ஆரணிக் கடைத்தெரு பெருத்ததும் கழனி விளைந்ததால். விளைநிலத்தை அழித்து வரும் ஆலை அந்த 87 பைசாவைத் திருப்பித் தராது.

வேளாண் நிதிநிலை அறிக்கையின் மொத்தத் தொகை 40,000 கோடியைத் தாண்டிவிட்டது என்று பெருமையாகச் சொல்லப்படுகிறது. பல துறைகளின் பணத்தையும் மின் மானியத்தையும் சேர்த்த கூட்டுத்தொகை அது. அதில் மானாவாரிக்கு எவ்வளவு, ஆராய்ச்சிக்கு எவ்வளவு, வரத்துக் கால்வாய்க்கு எவ்வளவு, ஊருக்குப் போகும் அலுவலரின் சம்பளத்துக்கும் பைக்குக்கும் எவ்வளவு என்று பிரித்துக் கேட்டவர் உங்களில் யார்? கடன் தள்ளுபடி ஒருமுறை மூச்சுவிட இடம் தரும். அடுத்த ஆண்டு அதே மண்ணில் அதே விளைச்சல் என்றால் அதே கடன். நல்ல விதை, ஒரு தண்ணீர், நேரத்துக்கு வரும் ஆலோசனை, வாங்க ஓர் ஆள். இவை சேர்ந்தால் விளைச்சல் கூடும். விளைச்சல் கூடினால்தான் கடன் வாங்கும் தேவை குறையும்.

ஆகவே உங்களிடம் என் கோரிக்கை இது. அடுத்த வேளாண் நிதிநிலை அறிக்கை வருமுன் இந்த நான்கு மாவட்டத்து உறுப்பினர்களும் கட்சி பார்க்காமல் ஒருமுறை சேர்ந்து உட்காருங்கள். வேளாண்மைத் துறையிடமிருந்து உங்கள் தொகுதியின் மானாவாரிப் பரப்பு, காலியாக இருக்கும் பணியிடங்கள், ஏரிகளின் வரத்துக் கால்வாய் நிலை ஆகிய விவரங்களை எழுத்தில் வாங்குங்கள். பேரவையில் எழுந்து, மானாவாரிக்கென்று தனித் தலைப்பில் நிதி கேளுங்கள். ஊராட்சிக்கு ஒரு வேளாண் பணியாளர் கேளுங்கள். நம் பள்ளிகளுக்கு நம் கொல்லையில் விளைந்த கடலையும் கேழ்வரகும் வாங்கச் சொல்லிக் கேளுங்கள். உழுபவருக்கு, பட்டா இல்லாவிட்டாலும், ஒரு சாகுபடி அட்டை கேளுங்கள். மேல்மாவில் குண்டர் சட்டம் போட்டதற்கு அரசு வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றும் கேளுங்கள்.

கேட்டுவிட்டு, அடுத்து வரும் கிராம சபைக்கு உங்கள் தொகுதியில் ஏதாவது ஓர் ஊருக்கு வாருங்கள். கேட்டதற்கு அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்பதை அங்கே மக்கள் முன் சொல்லுங்கள். பதில் வரவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தொடரில் மீண்டும் கேட்க நாங்கள் உங்களுக்குத் தீர்மானம் போட்டுத் தருகிறோம்.